கிலோமீட்டர் ஓடாத வண்டியும் கெட்டுப்போகும்: கார் பராமரிப்பில் பலரும் விட்டுவிடும் வேலைகள்

"வருஷத்துக்கு நாலாயிரம் கிலோமீட்டர்கூட ஓடலை, இதுக்கு எதுக்கு சர்வீஸ்?" சொந்த கார் வைத்திருக்கும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. காருடன் வந்த கையேட்டைத் திறந்து சர்வீஸ் அட்டவணையைப் பாருங்கள். ஒவ்வொரு வேலைக்கும் எதிரே கிலோமீட்டர் ஒன்று, மாதம் ஒன்று என இரண்டு எண்கள் இருக்கும். இரண்டில் எது முந்துகிறதோ அதுதான் கணக்கு. தினமும் ஓடும் டாக்ஸிக்குக் கிலோமீட்டர் முந்தும். வார இறுதியில் மட்டும் வெளியே எடுக்கும் வீட்டு காருக்கு மாதம்தான் முந்தும். அந்த மாதக் கணக்கை யாரும் பார்ப்பதில்லை.

பிரேக் ஆயில், கூலன்ட், பேட்டரி, டயர் ரப்பர், வைப்பர் ரப்பர் எல்லாம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வயதாகிக்கொண்டே இருக்கும். நம் ஊர் வெயில் அதை வேகப்படுத்தும். கடலோரம் குடியிருந்தால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். கீழே வரும் வேலைகளில் பாதியை வீட்டு வாசலிலேயே செய்யலாம். மீதியை மெக்கானிக்கிடம் விடவேண்டும், ஆனால் என்ன செய்யச் சொல்கிறோம் என்று தெரிந்து விடவேண்டும்.

பிரேக் ஆயில்: இரண்டு வருடம், அவ்வளவுதான்

விட்டுப்போகும் வேலைகளில் உயிருக்கே ஆபத்தானது இதுதான். அதனால் இதிலிருந்து தொடங்குவோம்.

பிரேக் ஆயில் என்று நாம் சொல்லும் திரவம் உண்மையில் எண்ணெய் அல்ல. கிளைக்கால் வகை திரவம். காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவது அதன் குணம். மூடி இறுக்கமாக இருந்தாலும், ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போகும். டாட் 4 என்று குறிக்கப்பட்ட திரவம் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்காமல் தாங்கவேண்டும். அதில் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 3 ஆக இருந்தால் 205 டிகிரி 140 ஆகிறது.

ஊருக்குள் ஓட்டும்போது இந்த வித்தியாசம் தெரியவே தெரியாது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலோ, வால்பாறையிலிருந்து ஆழியாருக்கு இறங்கும் 40 வளைவுகளிலோ, நான்கு பேரையும் டிக்கி நிறையச் சாமானையும் ஏற்றிக்கொண்டு, பிரேக்கிலேயே கால் வைத்தபடி இறங்கும்போதுதான் தெரியும். சக்கரத்தோடு சுற்றும் டிஸ்க்கின் சூடு, அதைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பருக்கு ஏறி, உள்ளிருக்கும் திரவம் கொதித்து ஆவிக் குமிழி உண்டாகும். திரவத்தை அமுக்க முடியாது, ஆவியை அமுக்கலாம். பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. மலையடிவாரத்துக்கு வந்து ஆறியபின் மெக்கானிக் பார்த்தால் பிரேக் நன்றாகவே பிடிக்கும், குறை எதுவும் அகப்படாது. மலை இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குவது இதற்காகத்தான். ஆனால் பழைய பிரேக் ஆயிலுக்கு அது மாற்று மருந்தாகாது.

எந்த வகை ஊற்றவேண்டும் என்பது பானட்டுக்குள் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியிலேயே எழுதியிருக்கும். டாட் 3, டாட் 4, டாட் 5.1 மூன்றும் ஒரே குடும்பம். டாட் 5 மட்டும் சிலிக்கான் வகை. பெயரைப் பார்த்து ஏமாந்து அதை ஊற்றிவிடக் கூடாது, மற்றவற்றோடு கலக்கவும் கூடாது. சிறிய காருக்கு முழுவதும் மாற்ற ஒரு லிட்டர் போதும். சீல் உடைக்காத டப்பாவாக வாங்குங்கள். மீந்ததை அடுத்த முறைக்கு என்று அலமாரியில் வைத்தால் அது அங்கேயே ஈரத்தைக் குடித்துவிடும்.

மாற்றும் முறை இது. டப்பாவிலிருக்கும் பழையதை ஊசியில்லாத பெரிய சிரிஞ்சால் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதியதை நிரப்பவேண்டும். பிறகு கையேட்டில் சொன்ன வரிசைப்படி ஒவ்வொரு சக்கரமாக எடுக்கவேண்டும். பல வண்டிகளில், பெடலை அமுக்கினால் திரவத்தைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து தூரத்தில் இருக்கும் சக்கரம் முதலில் வரும். திரவத்தை வெளியே விட அந்தச் சக்கரத்தின் பிரேக்கில் இருக்கும் பிளீடர் நிப்பிளில் கண்ணாடி போன்ற டியூபை மாட்டி, மறுமுனையை ஒரு பாட்டிலுக்குள் விடுங்கள். ஒருவர் பெடலை அமுக்கிப் பிடித்திருக்க, மற்றவர் ஸ்பானரால் நிப்பிளைக் கால் சுற்று திறந்து உடனே மூடவேண்டும். மூடிய பிறகுதான் பெடலை விடவேண்டும். இந்த வரிசை தப்பினால் டியூப் வழியாகக் காற்று உள்ளே இழுக்கப்படும். தேநீர் நிறத்தில் வருவது மாறி வெளிர் மஞ்சளாகும்வரை தொடருங்கள். நாலைந்து அமுக்கலுக்கு ஒருமுறை மேலே டப்பாவை நிரப்புங்கள். அது காலியானால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ் பகுதிக்குள் காற்று புகுந்துவிடும், பிறகு ஸ்கேனர் கருவி இல்லாமல் அதை வெளியேற்றுவது கஷ்டம். பிரேக் வேலை செய்து பழகாதவர் இதைத் தனியாக முயல வேண்டாம். பக்கத்தில் நின்று பார்த்தாலே போதும். பெயின்ட்மீது ஒரு சொட்டு விழுந்தாலும் உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவுங்கள், விட்டால் பெயின்ட் உரிந்துவிடும்.

பல சர்வீஸ் சென்டர்களில் "பிரேக் ஆயில் செக்" என்றால் அளவு குறைந்திருந்தால் ஊற்றி நிரப்புவது என்று பொருள். அது மாற்றுவதாகாது. இன்னொன்றும் உண்டு. அளவு மெல்லக் குறைந்தால் பெரும்பாலும் டிஸ்க்கில் உரசி வண்டியை நிறுத்தும் பிரேக் பேட் தேய்ந்திருக்கிறது என்று அர்த்தம். பேட் தேயத்தேய அதைத் தள்ளும் பிஸ்டன் காலிப்பரிலிருந்து வெளியே வரும், அந்த இடத்தைத் திரவம் நிரப்பும். அப்போது மேலே ஊற்றி நிரப்பினால் எச்சரிக்கை மறைந்துபோகும். பிறகு புது பேட் போட பிஸ்டனை உள்ளே தள்ளும்போது டப்பா வழிந்து பெயின்ட்மீது கொட்டும். முதலில் பேடைப் பாருங்கள். அதன் தடிமன் 3 மில்லிமீட்டருக்கு வந்துவிட்டால் மாற்றும் நேரம். திரவத்தின் அளவு ஒரு சில நாளில் சட்டென்று குறைந்தால் கசிவு. அந்த வண்டியை எடுக்கவே கூடாது.

பேடைப் பார்க்கும்போதே காலிப்பர் பின்னையும் பார்க்கச் சொல்லுங்கள். காலிப்பர் முன்னும் பின்னும் நகர்வது இரண்டு பின்களின்மேல்தான். அதன் ரப்பர் உறை கிழிந்து தண்ணீர் போனால் பின் துருப்பிடித்து இறுகும். உள்பக்கப் பேட் மட்டும் தேயும், வெளிப்பக்கம் புதுசாகவே இருக்கும். அந்தச் சக்கரம் மட்டும் சூடாகும், மைலேஜ் குறையும், பிரேக் அடித்தால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். பின்னைக் கழற்றித் துடைத்து, சிலிக்கான் அடிப்படையிலான பிரேக் கிரீஸ் தடவிப் போடவேண்டும். கடையில் கிடைக்கும் சாதாரண கிரீஸைத் தடவினால் ரப்பர் உப்பிக்கொண்டு பின் முன்பைவிட மோசமாக மாட்டிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை செய்தால் போதும்.

கூலன்ட்: போர் தண்ணீர் ஊற்றாதீர்கள்

ரேடியேட்டரில் குழாய்த் தண்ணீர் ஊற்றும் பழக்கம் இன்னும் போகவில்லை. நம் ஊர் போர்வெல் தண்ணீரில் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் உப்பை எல்லோரும் பார்த்திருப்போம். அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் எஞ்சினின் நீர்வழியிலும் படியும். கூலன்டில் துருவைத் தடுக்கும் ரசாயனங்கள் உண்டு. தண்ணீர் கலந்து கலந்து அவை நீர்த்துப்போனால் அலுமினிய ரேடியேட்டர் அரிக்கத் தொடங்கும், வாட்டர் பம்ப் சீல் போகும்.

குளிர் இல்லாத ஊருக்கு எதற்குக் கூலன்ட் என்று கேட்பவர்கள் உண்டு. உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை மட்டும்தான். கொதிநிலையை உயர்த்துவதும் துருவைத் தடுப்பதும் இங்கே நமக்கு வேண்டிய வேலைகள்.

எஞ்சின் முழுக்க ஆறியிருக்கும் காலையில், பிளாஸ்டிக் டப்பாவில் அளவு இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கிறதா என்று பாருங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் திரவம் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திறந்த நொடியில் கொதித்து முகத்தில் அடிக்கும்.

எத்தனை வருடத்துக்கு மாற்றவேண்டும் என்பது கூலன்டின் வகையைப் பொறுத்தது. பழைய வகைக்கு இரண்டு வருடம், நீண்ட ஆயுள் வகைக்கு அதைவிட அதிகம். கையேட்டில் இருக்கும். நிறத்தை வைத்து வகையை முடிவு செய்யாதீர்கள். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் கம்பெனி ஊற்றிய சாயம், அதற்குப் பொது விதி கிடையாது. ஒத்துப்போகாத இரண்டு வகைகளைக் கலந்தால் குழகுழவென்று திரண்டு வழியை அடைத்துவிடும்.

மாற்றும்போது ஒரு கணக்கு பெரும்பாலும் தப்பிப்போகிறது. பழையதை வடித்துவிட்டு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி அலசுவார்கள், பிறகு அதையும் வடிப்பார்கள். ஆனால் எஞ்சின் பிளாக்குக்குள் இருக்கும் தண்ணீர் முழுவதும் வடியாது, ஒரு பகுதி உள்ளேயே நிற்கும். அதன்மேல் ஏற்கெனவே கலந்து விற்கும் கூலன்டை ஊற்றினால் பாதிக்குப் பாதி இருக்கவேண்டிய விகிதம் இன்னும் நீர்த்துப்போகும். எனவே அலசியபின் தண்ணீர் கலக்காத அடர் கூலன்டையே வாங்குங்கள். மொத்தக் கொள்ளளவு 5 லிட்டர் என்று கையேடு சொன்னால், முதலில் இரண்டரை லிட்டர் அடர் கூலன்டை ஊற்றிவிட்டு, மீதி இடத்தை டிஸ்டில்டு வாட்டரால் நிரப்புங்கள். அலசவில்லை, வடித்து ஊற்றுவது மட்டும்தான் என்றால் கலந்து விற்பதே போதும்.

நிரப்பியதும் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ரேடியேட்டர் ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை எஞ்சினை ஓடவிடுங்கள். உள்ளே சிக்கிய காற்று வெளியேற இது தேவை. ஆறியபின் மறுபடி அளவு பார்த்து நிரப்புங்கள். வடித்ததைத் தெருவில் ஊற்றாதீர்கள். இனிப்புச் சுவை உள்ள விஷம் அது. நாயும் பூனையும் நக்கிக் குடித்துச் சாகும். குழந்தைகளுக்கும் எட்டக் கூடாது.

ரேடியேட்டர் மூடியும் தேயும் பொருள்தான். அதன் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் அழுத்தம் நிற்காது. இன்றைய பல சிறிய கார்களில் வெப்பமானி முள்ளே கிடையாது, சிவப்பு விளக்கு மட்டும்தான். அது எரியும்போது நிலைமை கைமீறத் தொடங்கியிருக்கும். உடனே ஓரம்கட்டி எஞ்சினை நிறுத்துங்கள். "அடுத்த பங்க் வரைக்கும் போயிடலாம்" என்று ஓட்டினால் எஞ்சினின் மேல்பகுதியை அடைத்திருக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விடும்.

மழைக்கு முன் பார்க்கவேண்டிய ஓட்டைகள்

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குமுன் அரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். பானட்டைத் திறந்து, முன் கண்ணாடியின் அடியில் வைப்பர் இருக்கும் பள்ளத்தைப் பாருங்கள். வேப்பமரத்தடியிலோ புங்கமரத்தடியிலோ நிறுத்தும் வண்டியாக இருந்தால் அங்கே இலையும் பூவும் மக்கி மண்ணாகவே ஆகியிருக்கும். அந்தப் பள்ளத்தின் இரு ஓரங்களிலும் தண்ணீர் இறங்கும் வழி உண்டு. அது அடைபட்டால் மழைநீர் தேங்கி, ஏசி காற்று இழுக்கும் வாய் வழியாக வண்டிக்குள் வரும். கால்மிதியின் அடியில் ஒயர் கட்டுகள் போகும் இடத்தில்தான் அது நிற்கும். மேலே காய்ந்தது போல் இருக்கும், அடியில் ஸ்பாஞ்ச் ஊறிக்கிடக்கும். வண்டிக்குள் ஊசிப்போன வாடை, காலையில் கண்ணாடிகளின் உட்புறம் பனி படிவது, காரணமில்லாமல் ஏதாவது விளக்கு எரிவது எல்லாம் இதன் அறிகுறிகள்.

இலையைக் கையால் அள்ளி எடுத்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீரை அந்தப் பள்ளத்தில் ஊற்றுங்கள். முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் சளசளவென்று கொட்டவேண்டும். சொட்டுச் சொட்டாக வந்தால் இன்னும் அடைப்பு இருக்கிறது.

கதவுகளின் அடி விளிம்பிலும் சிறு ஓட்டைகள் உண்டு. கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் தண்ணீர் இதன் வழியாகத்தான் வெளியேறவேண்டும். வண்டியைக் கழுவியபின் கதவை ஆட்டினால் உள்ளே தண்ணீர் குலுங்கும் சத்தம் கேட்கிறதா? அடைத்திருக்கிறது. விளக்குமாற்று ஈர்க்குச்சியால் குத்திவிட்டால் போதும். இரும்புக் கம்பியால் குத்தினால் பெயின்ட் கீறி அங்கேயே துரு ஆரம்பிக்கும். சன்ரூஃப் உள்ள வண்டியில் நான்கு மூலைகளிலும் வடிகால் குழாய் இருக்கலாம். அதற்குள் கம்ப்ரஸர் காற்று அடிக்கச் சொல்லாதீர்கள், கூரைக்குள்ளேயே குழாய் கழன்றுவிடும். வளையும் நைலான் நரம்பை மெல்ல விட்டு எடுங்கள்.

வைப்பர் ரப்பர் நம் வெயிலில் ஒரு வருடம் தாங்கினால் பெரிது. பத்து மாதம் சும்மா கிடந்து காய்ந்து, மழையின் முதல் நாளில் கோடு கோடாக இழுக்கும். ஓட்டுநர் பக்கமும் மறுபக்கமும் பல வண்டிகளில் வெவ்வேறு நீளம், அளந்து வாங்குங்கள். பிளேடைக் கழற்றியதும் கண்ணாடிமேல் தடித்த துண்டு ஒன்றை விரித்துவிடுங்கள். வெறும் இரும்புக் கை ஸ்பிரிங் வேகத்தில் விழுந்தால் கண்ணாடி விரிசல் விடும். வாஷர் டப்பாவில் துணி துவைக்கும் பவுடரைக் கலக்காதீர்கள், ஜெட் அடைக்கும், பெயின்ட் மங்கும்.

மழைக்காலத்தில் எலி, எஞ்சினின் கதகதப்பைத் தேடி வரும். ஏர் ஃபில்டர் பெட்டியைத் திறந்து பஞ்சு, தேங்காய் நார், புழுக்கை இருக்கிறதா என்று பாருங்கள். பல நாள் எடுக்காமல் நிறுத்தும் வண்டியில் ஒயரைக் கடித்துவிட்டுப் போனால் செலவு பெரிதாக வரும். ஏசி காற்று வாயில் இரும்பு வலை அடிப்பதும் வாரம் இரண்டு முறையாவது வண்டியை நகர்த்துவதும் நல்ல பலன் தரும்.

ஏசி வாடைக்கு வாசனை டப்பா மருந்தல்ல

ஏசி போட்டதும் புளித்த வாடை வந்தால் பலர் டாஷ்போர்டில் வாசனைத் திரவம் வைக்கிறார்கள். முதலில், வண்டிக்குள் வரும் காற்றை வடிகட்டும் கேபின் ஃபில்டரைப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் க்ளவ் பாக்ஸின் பின்னால் இருக்கும். பெட்டியைக் காலி செய்து, இரு பக்கமும் உள்நோக்கி அமுக்கினால் அது கீழே இறங்கும். பின்னால் நீண்ட மூடி தெரியும். கிளிப்பை அமுக்கி எடுத்து, ஃபில்டரைத் தட்டாமல் மெல்ல உருவுங்கள். எந்தத் திசையில் அம்புக்குறி இருந்தது என்று எடுக்குமுன் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். புதியதையும் அதே திசையில் போடவேண்டும். தூசி நிறைந்த ஊர்ச் சாலையில் ஓடும் வண்டிக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சில நூறு ரூபாய்ப் பொருள், ஸ்பானர்கூட வேண்டாம்.

ஃபில்டர் மாற்றியும் வாடை வந்தால் காற்றைக் குளிர்விக்கும் ஈரமான எவாப்பரேட்டரில் பூஞ்சை பிடித்திருக்கிறது. வீடு சேர மூன்று நான்கு நிமிடம் இருக்கும்போதே ஏசி பட்டனை அணைத்து, ஃபேனை மட்டும் ஓடவிடுங்கள். உள்ளே காய்ந்துவிடும். ஏசி ஓடும்போது வண்டிக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்ல அறிகுறி. சொட்டாமல் கால்மிதி நனைந்தால் வடிகால் குழாய் அடைபட்டிருக்கிறது.

குளிர் குறைந்ததும் "கேஸ் போயிடுச்சு" என்று கேஸ் அடிக்கும் முன், ரேடியேட்டருக்கு முன்னால் இருந்து ஏசியின் சூட்டை வெளியேற்றும் கண்டன்ஸரைப் பாருங்கள். பூச்சியும் சேறும் அப்பியிருந்தால் சூடு வெளியேறாது. சாதாரணத் தோட்டக் குழாய்த் தண்ணீரில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டத்தில் வைத்து அடித்தால் மெல்லிய தகடுகள் மடங்கி இருந்த வழியும் அடையும். கேஸ் சும்மா தீர்ந்துபோகாது. குறைந்தால் எங்கோ கசிகிறது. கசிவைப் பார்க்காமல் அடிக்கும் கேஸ் மறுபடி போகும்.

டயரின் பிறந்த தேதி

பட்டன் (சாலையில் படும் ரப்பர் மேடுகள்) இன்னும் நன்றாக இருக்கிறது என்று எட்டு வருட டயரில் ஓடும் வண்டிகள் நிறைய. டயரின் பக்கச் சுவரில் நீள்வட்டத்துக்குள் நான்கு எண்கள் இருக்கும். 2321 என்றால் 2021ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. சுவரின் ஒரு பக்கத்தில் மட்டுமே இருக்கலாம், தெரியவில்லை என்றால் வண்டிக்கு அடியில் குனிந்து உட்புறம் பாருங்கள். ஐந்து வருடம் தாண்டினால் வருடாவருடம் பக்கச் சுவரை உற்றுப் பாருங்கள். மயிர்க்கோடு போன்ற வெடிப்புகள் வந்திருந்தால் பட்டன் எவ்வளவு இருந்தாலும் நெடுஞ்சாலைக்கு எடுக்காதீர்கள். பட்டன் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் சட்டப்படியும் ஓட்டக் கூடாது. பள்ளத்துக்குள் இருக்கும் சிறு மேடும் பட்டனும் ஒரே மட்டத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்தாலே தெரியும்.

காற்றின் அளவு டயரில் எழுதியிருப்பது அல்ல. அது டயர் தாங்கும் உச்சம். ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இருப்பதுதான் உங்கள் வண்டிக்கு. வண்டி ஓடிச் சூடேறுமுன் காலையில் பாருங்கள். 33 பி.எஸ்.ஐ. வைத்த டயர் நெடுஞ்சாலையில் ஓடியபின் 36, 37 காட்டும். அது இயல்பு, அப்போது காற்றை இறக்கிவிடாதீர்கள். சொந்தமாக ஒரு பிரஷர் கேஜ் வைத்துக்கொண்டால் எந்த பங்க் மீட்டர் சரி என்ற குழப்பமே இல்லை. புது டயர் போடும்போது வால்வையும் மாற்றச் சொல்லுங்கள். பழைய ரப்பர் வால்வின் கழுத்தை வளைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும்.

ஸ்டெப்னியைக் கேட்பாரே இல்லை. மற்றவற்றைவிட 3 பி.எஸ்.ஐ. கூடுதலாக அடித்து, மாதம் ஒருமுறை பாருங்கள். இன்னோவா போல ஸ்டெப்னி அடியில் தொங்கும் வண்டிகளில், அதை இறக்கும் செயின் சேற்றில் துருப்பிடித்து இறுகிவிடும். வருடம் இருமுறை இறக்கி ஏற்றி, துரு நீக்கும் ஸ்பிரே அடித்துவையுங்கள். டயர் கடையில் ஏர் கன்னால் முறுக்கிய நட்டுகளைக் காரோடு வந்த ஸ்பானரால் கழற்ற முடிகிறதா என்று வீட்டு வாசலில் ஒருமுறை முயன்றுபாருங்கள். முடியவில்லை என்றால் அளவுக்கு மீறி முறுக்கியிருக்கிறார்கள். கடையிலேயே தளர்த்தி, முறுக்கும் அளவைக் காட்டும் டார்க் ரெஞ்சால் கையேட்டில் சொன்ன அளவுக்கு முறுக்கித் தரச் சொல்லுங்கள்.

பேட்டரி

அக்னி நட்சத்திர வெயில் பேட்டரியைக் கெடுக்கும், மார்கழிக் காலையில்தான் அது காட்டிக்கொடுக்கும். மூன்று வருடம் தாண்டினால் ஒரு மல்டிமீட்டர் வாங்கி, வண்டி இரவு முழுவதும் நின்றபின் அளந்துபாருங்கள். 12.6 வோல்ட் என்றால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.8 முதல் 14.5க்குள் இருக்கவேண்டும். அதற்குக் கீழே நின்றால் பேட்டரியைக் குறை சொல்லுமுன் அதை சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பாருங்கள்.

முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருந்தால் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ் கழற்றவேண்டும். மாட்டும்போது நெகட்டிவ் கடைசி. வரிசை மாறி பாசிட்டிவைக் கழற்றும்போது ஸ்பானர் பாடியில் பட்டால் தீப்பொறி பறக்கும். சமையல் சோடாவை வெந்நீரில் கரைத்துப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, இறுக்கியபின் மேலே வாஸ்லின் தடவுங்கள். தண்ணீர் ஊற்றும் வகை பேட்டரியாக இருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். தானாக எஞ்சின் நின்று கிளம்பும் வசதி உள்ள வண்டிக்குச் சாதாரண பேட்டரி போட்டால் சீக்கிரம் போய்விடும், கம்பெனி சொன்ன வகையையே கேட்டு வாங்குங்கள்.

எஞ்சின் ஆயிலும் கியர் ஆயிலும்

எஞ்சின் ஆயிலை எல்லோரும் மாற்றுகிறார்கள், இரண்டு சர்வீஸுக்கு நடுவில் யாரும் பார்ப்பதில்லை. சமதரையில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து ஐந்து பத்து நிமிடம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்க விட்டு எடுத்துப் பாருங்கள். இரண்டு குறிகளுக்கு நடுவே இருக்கவேண்டும். மேல் குறியைத் தாண்டி ஊற்றுவதும் கெடுதல்தான். தினமும் இரண்டு கிலோமீட்டர் மட்டும் ஓடும் வண்டியில் எஞ்சின் முழுச் சூட்டை எட்டாது. ஆயிலில் கலக்கும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் அங்கேயே தங்கும். ஆயில் மூடியின் உட்புறம் வெண்ணெய் போல் வெளுத்துப் படிந்திருந்தால் அதுதான். வாரம் ஒருமுறையாவது அரை மணி நேரம் வெளிச்சாலையில் ஓட்டுங்கள், வருடம் ஒருமுறை ஆயிலை மாற்றிவிடுங்கள். மூடி சுத்தமான பிறகும் மறுபடி மறுபடி படிந்து, கூலன்டும் குறைந்தால் கேஸ்கெட்டைச் சோதிக்கவேண்டும்.

கியர் ஆயில் "ஆயுளுக்கும் போதும்" என்று சொல்லப்படும் வண்டிகளிலும் 60,000 கிலோமீட்டரில் ஒருமுறை மாற்றுவது நல்லது. ஆட்டோமேட்டிக் வண்டியில் கையேடு சொன்ன திரவத்தைத் தவிர வேறு எதையும் ஊற்றவே கூடாது. மேனுவல் வண்டிக்குச் சுமார் இரண்டு லிட்டர் வரும். ஆயிலின் தரம் ஜிஎல்-4 என்று கையேடு சொன்னால் ஜிஎல்-5 ஊற்றாதீர்கள். அதன் ரசாயனம், கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோனைஸர் வளையங்களை அரிக்கக்கூடும். வேலை செய்யும்போது நிரப்பும் போல்ட்டை முதலில் தளர்த்திப் பார்த்துவிட்டுத்தான் வடிக்கும் போல்ட்டைத் தொடவேண்டும். பழையதை வடித்துவிட்டு, நிரப்பும் போல்ட் துருவில் அசையவில்லை என்றால் வண்டி அங்கேயே நிற்கவேண்டியதுதான். இரண்டு போல்ட்டுக்கும் புது வாஷர் போடுங்கள்.

டீசல் வண்டி என்றால் ஃபியூயல் ஃபில்டரின் அடியில் சேரும் தண்ணீரைக் கையேட்டில் சொன்ன இடைவெளியில் வடிக்கவேண்டும். அது எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போனால் செலவு பல ஆயிரங்களில் வரும்.

ஜாப் கார்டில் என்ன எழுதச் சொல்வது

"ஜெனரல் சர்வீஸ் பண்ணிடுங்க" என்று சாவியைக் கொடுத்தால் அட்டவணையில் இருப்பது மட்டும் நடக்கும், அதிலும் கிலோமீட்டர் கணக்குப்படி. சர்வீஸ் சென்டரில் வேலைகளைக் குறித்துக்கொள்ளும் ஜாப் கார்டில் ஒவ்வொரு வேலையையும் பெயர் சொல்லி எழுதவையுங்கள். பிரேக் ஆயில் முழுவதும் மாற்றவேண்டும், செக் அல்ல. காலிப்பர் பின் கழற்றிக் கிரீஸ். பின் சக்கரங்களின் டிரம் பிரேக்கைத் திறந்து சுத்தம். கூலன்ட் வகை, அளவு. மாற்றிய பழைய பாகங்களை டிக்கியில் வைக்கச் சொல்லுங்கள். கேபின் ஃபில்டரை மாற்றியதாக பில்லில் இருந்து, பழையது டிக்கியில் இல்லை என்றால் க்ளவ் பாக்ஸை அங்கேயே இறக்கிப் பாருங்கள். மாற்றிய மாதத்தையும் ஆண்டையும் ஒரு துண்டு மாஸ்கிங் டேப்பில் எழுதி பானட்டின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பில் தொலைந்தாலும் அது இருக்கும்.

பிரேக் வேலை முடிந்த வண்டியை சர்வீஸிலிருந்து திரும்ப வாங்கும்போது, கிளம்புமுன் எஞ்சினை ஓடவிட்டு பெடலை ஒரே அழுத்தத்தில் முப்பது விநாடி அமுக்கிப் பிடியுங்கள். ஓரிடத்தில் கெட்டியாக நின்றால் எடுத்துக்கொண்டு வாருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினாலோ ஸ்பாஞ்ச் மாதிரி அமுங்கினாலோ சாவியைத் திருப்பிக் கொடுத்து, மறுபடி பிளீட் செய்து காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள்.